எழுதாமல் விட்ட என்ட்ரி

பொலிஸோ? உவனையோ? தம்பி சச்சிதானந்தன், நீங்கள் சிட்னியில இருந்து ஐநூறு மைல் கார் ஓடி வந்து களைச்சுப்போய் இருக்கிறியள், அதால விடுறன். இல்லாட்டி என்ர வீட்டுக்குள்ள வந்திருந்துகொண்டு டெனிஸைப் பொலிஸ் எண்டு சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இருபத்தெட்டு வருசம் சிலோன் பொலிஸில இருந்தவன் நான். இன்ஸ்பெக்டரா இருந்து பென்சன் எடுத்தவன். பொலிஸ் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். உது பொலிஸ் இல்லை. தபால்காரனுக்குத் தொப்பியை மாத்திப் போட்டு விட்டிருக்கிறாங்கள்.

இல்லையில்லை, நீங்கள் சொன்னது எனக்கு வடிவா விளங்கினது. முறைப்பாட்டுக்காரன் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பாக்கிறது என்ர பழக்கம், சரியோ எண்டு பாருங்கோ. உங்கட தம்பி யோகேஸ்வரன் என்ர மருமகன். அவன் தனக்கு அடிச்சவன் எண்டு என்ர மகள் வைதேகி ஸ்டேசனில போய்ச் சொல்லிப்போட்டாள். டெனிஸ் அதை வழக்காக்கிப் போட்டான். வாற செவ்வாய்க்கிழமை கோட். அதுக்கு முதல் நான் டெனிஸிட்டப் போய், நானும் பொலிஸ்தான் எண்டு சொல்லி, ரெண்டு கதை கதைச்சு, அந்தக் கடுதாசியைக் கிழிப்பிக்க வேணும். மகளையும் கூப்பிட்டுப் புத்தி சொல்ல வேணும். இவ்வளவுதானே? இதைச் சொல்ல ஏன் அரை மணித்தியாலம் சுத்தினனீங்கள், காணி அளக்கிற மனிசன் நீங்கள், நேர்கோட்டில வந்திருக்கலாமே.

அந்தப் போத்தல் எனக்கோ? ஸ்கொட்ச். பரவாயில்லை, நிலத்தில வையுங்கோ. அங்கயும் உப்பிடித்தான், சமாதானம் பேச வாற ஆக்கள் வெறுங்கையோட வாறேல்லை. நான் குடிக்கிறேல்லை, ஆனா வேண்டாம் எண்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

தேத்தண்ணி இப்ப வராது, தம்பி. குசினிக்குள்ள சட்டி விழுற சத்தம் கேக்குதெல்லே? அது பவளம், என்ர மனிசி. நீங்கள் வந்தது அவவுக்குத் தெரியும். என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டும் தெரியும். அதுதான் சட்டி விழுகுது. வேணுமெண்டால் நான் எழும்பிப் போட்டுத் தாறன், ஆனா நான் போடுற தேத்தண்ணி குடிச்சால் திரும்பச் சிட்னிக்குக் கார் ஓடமாட்டியள்.

வைதேகியைக் கூப்பிடுங்கோ எண்டுறியள். எங்க எண்டு கூப்பிடுறது? அவள் எங்க இருக்கிறாள் எண்டு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. புருசன்மாரிட்ட அடி வாங்கின பொம்பிளையளை வைச்சிருக்க இஞ்ச எங்கயோ ஒரு வீடு இருக்காம், விலாசம் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டினமாம். டெனிஸ்தான் கொண்டுபோய் விட்டவன். போன கிழமை அவனிட்டப் போய்க் கேட்டனான், எங்கயடா என்ர மகள் எண்டு. ஸொறி மகேன், சொல்லேலாது எண்டான். மகேன்! மகேந்திரராஜா எண்ட பேரை வெட்டிக் கொத்தி மகேன் ஆக்கி வைச்சிருக்கிறான். நான் பெத்த தேப்பன், ரிட்டயர்ட் இன்ஸ்பெக்டர். என்ர மகள் இருக்கிற இடத்தை எனக்குச் சொல்லேலாதாம், ஒரு இருபத்தாறு வயசுக் கொன்ஸ்டபிளுக்கு. அங்கயெண்டால் உவன்ர வயசுக்காரன் எனக்கு முன்னால சப்பாத்தை அடிச்சு விறைச்சு நிப்பான், மூச்சும் விடான்.

அங்க நான் ஜீப்பால இறங்கினால் சந்தியில கதைச்சுக்கொண்டு நிண்டவன் கதையை நிப்பாட்டுவான். சைக்கிளில வந்தவன் இறங்கி உருட்டிக்கொண்டு போவான். லைட் இல்லாதவன் இறங்கிறது நியாயம், லைட் உள்ளவனும் இறங்குவான். தேத்தண்ணிக் கடைக்காரன் நான் கேக்காமலே இருக்கிற வாங்கைத் துடைப்பான். பின்னால என்ன பட்டம் வைச்சுக் கூப்பிட்டாங்களோ, அது வேற கதை. முன்னால பயம் இருந்தது. பயம் இருந்தால்தான் பொலிஸ் எண்டு நான் நம்பினனான்.

இந்தக் கூத்தை நான் அமெரிக்காவிலயும் பாத்தவன். ஓம், நான் அமெரிக்கா போனவன், யோகேஸ் சொல்லேல்லையோ? அறுபத்திமூண்டில. எங்களில ஆறு பேரைத் தெரிஞ்செடுத்து நாலு மாசப் பயிற்சிக்கு அனுப்பினவை. வகுப்பெல்லாம் முடிய, உள்ளூர்ப் பொலிஸ் எப்பிடிச் சனத்தோட வேலை செய்யுது எண்டு பாத்து வாங்கோ எண்டு ஒவ்வொருத்தரையும் ஒவ்வொரு சின்ன ஊருக்கு விட்டாங்கள். எனக்கு ஒஹாயோவில, சோளத் தோட்டத்துக்கு நடுவில ஒரு ஊர். அங்க பொலிஸுக்குப் பெரியவர் ஷெரிப். அந்தாளைச் சனம் வோட்டுப் போட்டுத் தெரிவு செய்யிறது. கேட்டனீங்களோ? வோட்டு! நாலு வருசத்துக்கு ஒருக்கால் வீடு வீடாப் போய்க் கைகுடுத்து, எனக்குப் போடுங்கோ, நான் உங்களை நல்லாப் பிடிச்சு அடைக்கிறன் எண்டு கேக்கிறது. கள்ளனும் வோட்டுப் போடுவான்தானே எண்டு நான் கேட்டனான். ஓம், அவன்ர வோட்டும் வேணும் எண்டார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு.

வயிறு ஒரு முழம் முன்னுக்கு நிக்கும் அந்தாளுக்கு. இடுப்பில துவக்கு. நான் நிண்ட அஞ்சு கிழமையில அதை ஒரேயொரு தரம்தான் எடுத்தவர், கார் அடிச்சுப்போட்ட மானொண்டைச் சுட. மற்றும்படி ஆரின்ர மாடு கண்டு போட்டது, ஆரின்ர பெட்டைக்குக் கலியாணம் முற்றாகினது, எல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில நிண்டு கிழவியளைப் படியால இறக்கி விடுவார். இதுக்கு ஏன் நட்சத்திரம் குத்தின சட்டை? சால்வையைக் கட்டிக்கொண்டு செய்யலாமே இந்தத் தொண்டுவேலையை. நான் அறிக்கையில அப்பிடி எழுதேல்லை, ஆனா மனதுக்குள்ள எழுதி வைச்சிருந்தன்.

ஒரேயொரு விசயம்தான் அந்தாளிட்ட எனக்குப் பிடிச்சது. ஒரு பின்னேரம் ஒரு வீட்டில அடிபாடு எண்டு ரெலிபோன் வந்தது, நானும் காரில ஏறிப் போனனான். மனிசிக்காரி வாசலில முகத்தைப் பொத்திக்கொண்டு நிக்கிறாள். ஷெரிப் புருசனைத் தோளில தட்டி, போய் ஒருக்கால் தோட்டத்தைச் சுத்தி நடந்திட்டு வா, சூடு இறங்கும் எண்டார். மனிசியிட்ட, இந்தமுறை அவனுக்கு விளைச்சல் சரியில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள் எண்டார். அவ்வளவுதான். ஒரு வரியும் எழுதேல்லை. வந்த வழியால திரும்பி வந்திட்டம். காரில வரேக்க நான் சொன்னனான், சேர், எங்கட நாட்டிலயும் இதேதான் முறை எண்டு. அண்டைக்கு எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்தது எண்டு உங்களுக்கு விளங்காது.

சரி, டெனிஸுக்கு வருவம். மெல்பேணில, இந்த நோபிள் பார்க் பக்கத்தில நான் ரெண்டு வருசமா அவனைப் பாக்கிறன். காலமை பள்ளிக்கூடத்தடியில ரோட்டுக்கு நடுவில நிண்டு பிள்ளையளைக் கடத்திவிடுவான். அஞ்சு வயசுப் பிள்ளை டெனிஸ் எண்டு பேர் சொல்லிக் கூப்பிடுது, உவன் பல்லைக் காட்டிக்கொண்டு கை காட்டுறான். ஒருநாள் மூண்டாம் வீட்டுக் கிழவியின்ர பச்சைக்கிளி பறந்துபோய்க் கூரையில இருந்திட்டுது. ஏணி வைச்சு ஏறிப் பிடிச்சவன் ஆரெண்டு நினைக்கிறியள்? கிளி கடிச்சு விரலில ரத்தம். கிழவி பிளாஸ்டர் ஒட்டி விடுறா. நான் வேலிக்கு இஞ்சால நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். அரசாங்கம் உவனுக்குச் சம்பளம் குடுக்குது, தம்பி.

இன்னொரு வியாதி உவனுக்கு. எதைக் கண்டாலும் எழுதுவான். சட்டைப் பொக்கெட்டில சின்னப் புத்தகம் ஒண்டு. நாலாம் வகுப்புப் பிள்ளையின்ர கையெழுத்து. நாக்கை ஒரு பக்கம் வெளியில நீட்டிக்கொண்டு எழுதுவான்.

போன தைப்பொங்கலுக்குத்தான் முதன்முதல் உவன் இந்த வீட்டுப் படி ஏறினது. அண்டைக்கு நாப்பது டிகிரி வெயில், வடக்குக் காத்து வேற. இப்பிடியான நாளில வெளியில நெருப்பு மூட்டக்கூடாது எண்டு ரேடியோவில காலமையில இருந்து சொன்னவங்களாம், காடு பத்தி எரியுமெண்டு. எங்களுக்கு அதெல்லாம் ஆர் சொன்னது? எழும்பித் தலை முழுகி, சூரியனுக்குப் பொங்க வேணும், வெளி முத்தத்திலதான் பொங்க வேணும். நான் மூண்டு கல்லு வைச்சு, காஞ்ச யூகலிப்டஸ் கொப்பை அடுக்கிக் கொளுத்தினன். அதில எண்ணெய் இருக்காமெல்லே, நெருப்பு என்ர தலைக்கு மேல போச்சு. பக்கத்து வீட்டுக்காரி போன் அடிச்சிட்டாள்.

வந்தான். முதல் ஹோஸ்பைப்பை எடுத்து நெருப்பை அணைச்சான். சரி, என்னைக் கொண்டுபோகப் போறான், பொங்கலண்டு மானம் போச்சுது எண்டு நினைச்சன். உவன் பானையை எட்டிப் பாத்து, இதென்ன சமையல் எண்டு கேக்கிறான். பவளம் தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொல்லுறா, பால் பொங்கி வழிய வேணும், வழியாட்டி வருசம் சரிவராது எண்டு. அப்பிடியோ எண்டிட்டு, ரெண்டு துணியால பானையைப் பிடிச்சுத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ள போய்க் காஸ் அடுப்பில வைச்சான். வைச்சிட்டாவது போனானோ? பொங்குமட்டும் தொப்பியைக் கமக்கட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு நிண்டான். பால் வழிய நாங்கள் பொங்கலோ பொங்கல் எண்டம், உவனும் சேர்ந்து ஏதோ கத்தினான். வழக்குமில்லை, ஒண்டுமில்லை. நானெண்டால் சட்டத்தை மீறின ஆளை ஸ்டேசன் வாங்கில அரை நாள் இருத்தி வைச்சிருந்திருப்பன்.

அண்டைக்கு யோகேஸும் வைதேகியும் இஞ்ச வந்து நிண்டவை. வைதேகிதான் அவனுக்குக் கோப்பையில பொங்கல் கொண்டுவந்து குடுத்தவள். கையை நீட்டேக்க சீலைத் தலைப்பு விலகிச்சுது. முழங்கைக்கு மேல ஒரு கண்டல், பழுத்து மஞ்சளாகிப் போயிருந்தது. கைக்கு என்ன நடந்தது எண்டு கேட்டான். கதவு அடிச்சது எண்டாள். சரி எண்டு பொங்கலைச் சாப்பிட வேண்டியதுதானே? கோப்பையைக் கீழ வைச்சிட்டுப் பொக்கெட்டில இருந்து புத்தகத்தை எடுக்கிறான். வந்தது நெருப்புக்கு, எழுதுறது கதவை. எனக்குச் சிரிப்புத் தாங்கேல்லை. உவன் போன பிறகு பவளத்திட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சனான். பவளம் சிரிக்கேல்லை.

என்ன சொல்லுறியள்? ஓம், அதைத்தான் இப்ப கோட்டில காட்டப் போறாங்கள். ஜனவரி பதினாலாம் திகதி கண்டல் காயம் கண்டது எண்டு. அந்தப் பைத்தியக்காரப் புத்தகத்தில இருக்கு.

என்ர ஸ்டேசனில இது நடக்காது. குடும்பக் கதையை நான் புத்தகத்தில ஏத்திறேல்லை. ஒரு பொம்பிளை அழுதுகொண்டு வந்து நிண்டால் சார்ஜன்ட் பேனையை எடுப்பான். நான் உள்ளுக்கு இருந்து ஒரு செருமல் செருமுவன், அவன் பேனையை மூடிப்போடுவான். அவளை வாங்கில இருத்தி ஒரு சோடா குடுக்கிறது. குடிக்க அழுகை நிண்டிடும். ஆளனுப்பிப் புருசனைக் கூப்பிடுறது. எல்லாருக்கும் முன்னால அவன்ர கன்னத்தில ஒண்டு குடுக்கிறது. இனிச் செய்வியோ? செய்யமாட்டன் ஐயா. அவளிட்ட, பிள்ளையளை நினைச்சுப் பாரம்மா எண்டு ஒரு வசனம். காலமை முறைப்பாடு, மத்தியானம் சமாதானம், பின்னேரம் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில ஒரே சீற்றில. மேலிடத்தில இருந்து சோதனைக்கு வாறவை என்ர புத்தகத்தைப் பிரட்டிப் பாத்திட்டு, மகேந்திரராஜா, உம்மட பகுதியில குடும்பச் சண்டையே இல்லை எண்டுவினம். அதாலதான் என்னை அமெரிக்காவுக்கே தெரிஞ்செடுத்தவை.

தலையை ஆட்டுறியள். ஓம், உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். இப்பிடியொரு பொலிஸைத் தேடித்தானே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்.

வன்னிப் பக்கம் நான் பொறுப்பா இருக்கேக்க நாகேஸ்வரி எண்டு ஒருத்தி வந்தவள். லொறி ஓட்டுறவன்ர பெண்சாதி. முதல்தரம் காது கிழிஞ்சு வந்தவள். தோட்டோட சேர்த்து இழுத்திருக்கிறான். சோடா, கன்னத்தில ஒண்டு, பஸ். ரெண்டாந்தரம் மூண்டு மாசத்தால. அதுவும் அப்பிடித்தான். மூண்டாந்தரம் வந்தவள் வாங்கில இருந்து நிலத்தையே பாத்துக்கொண்டிருந்தாள். அப்ப வைதேகிக்குப் பதினொரு வயசு. நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் ஸ்டேசனுக்குப் பின்னால எண்டபடியால் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அங்கதான் நிப்பாள். பொம்பிளையளுக்குச் சோடா கொண்டுபோய்க் குடுக்கிறது அவள்தான். அதில அவளுக்கு ஒரு பெருமை, அப்பாவின்ர வேலையில தானும் ஒரு பங்கு எண்டு. நாகேஸ்வரிக்கும் மூண்டு தரமும் அவள்தான் குடுத்தவள்.

நாலாந்தரம் நாகேஸ்வரி வரேல்லை. தேப்பன் வந்தவன். அவளைக் கிணத்தில இருந்து எடுத்ததாம். தோட்டஞ்செய்யிற மனிசன், தோளில சால்வை, அழேல்லை. ஐயா, என்ர பெட்டை மூண்டு தரம் உங்களிட்ட வந்தவள், அதை எழுதின புத்தகத்தை ஒருக்கால் காட்டுங்கோ, மரண விசாரணையில சொல்ல வேணும் எண்டு கேட்டவன். நான் புத்தகத்தைக் குடுத்தன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். விரலை வைச்சு ஒவ்வொரு வரியாத் தேடினான். களவுபோன சைக்கிள் இருந்தது. வேலிச் சண்டை இருந்தது. கசிப்புச் சாராயம் காய்ச்சினது இருந்தது. மத்தியானம் தொடங்கி நாலு மணிமட்டும் தேடினான், நான் தடுக்கேல்லை. பிறகு புத்தகத்தை மூடித் தந்திட்டு, சரி ஐயா எண்டிட்டுப் போனான். தவறி விழுந்தது எண்டு விசாரணை முடிஞ்சுது. நான் அடுத்த வருசம் நல்லதொரு இடத்துக்கு மாறிப் போனன். வைதேகி மட்டும் பிறகு ஸ்டேசன் பக்கம் வாறேல்லை. படிப்புக் கூடிப்போச்சு எண்டு நான் நினைச்சனான்.

ஏன் இதைச் சொல்லுறனோ? நீங்கள்தானே நானும் பொலிஸ் எண்டு சொல்லிக் கதைக்கச் சொன்னனீங்கள். எந்தப் பொலிஸ் எண்டு சொல்லுறன்.

என்ன, யோகேஸின்ர வேலையோ? வேலைக்கு ஒண்டும் வராது, என்ஜினியருக்கு இஞ்ச தட்டுப்பாடு. சனம் கதைக்குமோ? இந்த மெல்பேணில எங்கட ஆக்கள் எத்தினை குடும்பம்? ஒரு மண்டபமும் நிரம்பாது. கதைக்கட்டும், அவைக்கும் வேற என்ன வேலை.

சாட்சி இல்லையோ? ஆர் சொன்னது, யோகேஸோ? புருசனும் பெண்சாதியும் மட்டும் இருந்த வீடு, ஒருத்தரும் காணேல்லை, ஒரு கண்டலை மட்டும் வைச்சு ஒண்டும் செய்யேலாது எண்டு லோயர் சொன்னவரோ? நல்ல லோயர். எனக்கும் அப்பிடியொரு லோயர் இருந்தால் நல்லாயிருக்கும்.

மாசி மாசம் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தம்பி. மத்தியானம், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன். இந்தக் கதவாலதான் வந்தவள். ரெண்டரை மைல் நடந்து வந்திருக்கிறாள், காலில வீட்டுச் செருப்பு. மேல் சொண்டு வெடிச்சு, ஒரு கண் மூடிக்கிடக்கு. இப்ப நீங்கள் இருக்கிற கதிரையில இருந்தவள். அப்பா எண்டு ஒரு சொல்லுத்தான் சொன்னவள். நான் என்ன செய்தனான் தெரியுமோ? கையைக் கழுவிப்போட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு கிளாஸ் லெமனேட் ஊத்திக் குடுத்தனான். யோசிச்சுச் செய்யேல்லை, கை தானாப் போச்சு. அவள் கிளாசைப் பாத்தாள். என்னைப் பாத்தாள். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்க மாட்டன். குடிக்கேல்லை.

பிறகு காரில ஏத்திக் கொண்டுபோய் விட்டனான். ஓம், நான்தான். பவளம் மறிச்சவ, கேக்கேல்லை நான். கேற்றடியில உங்கட தம்பி வந்து நிண்டான். கன்னத்தில ஒண்டு குடுத்தனோ எண்டு கேக்காதையுங்கோ, அதுகூடச் செய்யேல்லை. படிச்ச மாப்பிள்ளையெல்லே. கையைக் குலுக்கி, தம்பி, பாத்து நடவும் எண்டனான். சரி மாமா எண்டான். அவள் எங்கள் ரெண்டு பேரையும் தாண்டி உள்ளுக்குப் போனாள். அண்டையில இருந்து பவளம் என்னோட கதைக்கிறேல்லை.

அடுத்தமுறை அவள் என்னட்டை வரேல்லை. பங்குனி நடுப்பகுதியில, ரெண்டு விலா எலும்பு முறிஞ்சு, பள்ளிக்கூடத்தடிக்குப் போய் அந்தக் கிளி பிடிக்கிறவனிட்டச் சொன்னவள். ஏன் எனக்கு விலாசம் சொல்ல மாட்டன் எண்டவன் எண்டு இப்ப விளங்குதோ? சட்டமில்லை, தம்பி. அவள்தான் கேட்டவளாம். அப்பாவுக்குச் சொல்லாதையுங்கோ, அப்பா வந்து என்னைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டிடுவார் எண்டு.

இல்லை, இருங்கோ, எழும்பாதையுங்கோ. சொல்லி முடிக்கிறன்.

நீங்கள் சொல்ல முதலே நான் டெனிஸிட்டப் போய் வந்திட்டன். இண்டைக்குக் காலமை. நானும் பொலிஸ்தான் எண்டு சொல்லத்தான் வேணும் எண்டு நினைச்சுக்கொண்டு போனனான், வாயில வரேல்லை. மேசைக்கு மற்றப் பக்கம் இருந்து வாக்குமூலம் குடுத்தனான். உவன் ரெண்டு விரலால டைப் அடிக்கிறான். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணித்தியாலம். தள்ளி இரடா, நான் அடிக்கிறன் எண்டு சொல்ல எனக்கு வாய் உன்னுது. நான் கொண்டுபோய் விட்ட இடம் வர, விரலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பாக்கிறான். மகேன், வழக்குக்கு நீங்கள் காயத்தைக் கண்டதே போதும், இது வேண்டாம், உங்கட ஆக்களுக்கு முன்னால உங்களுக்குத்தான் வெக்கம் எண்டான். பாத்தியளோ, இவ்வளவு நாளும் எல்லாத்தையும் எழுதினவன், விட வேணும் எண்டு நினைச்ச ஒரேயொரு இடம் அதுதான். பொலிஸ்வேலை தெரியாத மடையன். அடியடா எண்டனான். கையைக் குலுக்கினதையும் போடு, தம்பி பாத்து நடவும் எண்டு சொன்னதையும் போடு எண்டனான். நாலு பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கையெழுத்து வைச்சனான்.

வீட்டை வர, பவளம் குசினி வாசலில நிண்டு சாப்பாடு போடவோ எண்டு கேட்டா. ஏழு கிழமைக்குப் பிறகு. நான் ஓம் எண்டனான்.

கோட் பத்து மணிக்கு, தம்பி. முதல் சாட்சி நான்தான். யோகேஸிட்டச் சொல்லிவிடுங்கோ. வாறதெண்டால் ஒன்பதரைக்கே வாங்கோ, அந்த ரோட்டில கார் விட இடம் கிடையாது.